ஐந்து நிமிட நடையும் பத்து மில்லிகிராம் மாத்திரையும்

மதுரையில் மூட்டு, தசை நோய்களைப் பார்க்கும் அந்த ருமட்டாலஜி மருத்துவர் என் முன்னால் ஒரு தாளை வைத்தார். முன்பக்கமும் பின்பக்கமுமாக இரண்டு மனித உருவங்களின் வெளிக்கோடுகள் மட்டும் அதில் அச்சிடப்பட்டிருந்தன. கடந்த ஒரு வாரத்தில் எங்கெல்லாம் வலித்ததோ அங்கெல்லாம் பென்சிலால் தீட்டிக் காட்டுங்கள் அம்மா என்றார். கழுத்தில் தொடங்கினேன். இரண்டு தோள்கள், மேற்கைகள், முன்கைகள், மேல்முதுகு, இடுப்பு, தொடைகள், கெண்டைக்கால்கள் என்று பென்சில் இறங்கிக்கொண்டே போயிற்று. தாடையும் நெஞ்சும் வயிறும் பிட்டமும் மட்டுமே வெள்ளையாக எஞ்சின. அவர் நிதானமாக எண்ணி, ‘19 இடங்களில் 13’ என்று ஓரத்தில் குறித்துக்கொண்டார். உடம்பெங்கும் நீடித்த வலியையும் சோர்வையும் தரும் ஃபைப்ரோமயால்ஜியா என்ற நோயைக் கண்டறியும் எண்ணிக்கை அது. அப்போது 2018 ஜூன் மாதம். அதற்கு முந்தைய நான்கு ஆண்டுகளில் நான் பார்த்த மருத்துவர்கள் எல்லோரும் ‘எந்த இடத்தில் வலி?’ என்று ஒருமையில்தான் கேட்டார்கள். எல்லா இடத்திலும் என்று நான் சொன்ன மறுகணமே அவர்களது முகத்தில் ஆர்வம் குறைவதைப் பார்த்துப் பழகியிருந்த எனக்கு, வலித்த இடங்களை ஒருவர் எண்ணியதே பெரிய ஆறுதலாக இருந்தது.

நான் திருச்சிக்கு அருகில் ஓர் அரசு உதவி பெறும் பள்ளியில் கணித ஆசிரியையாகப் பணிபுரிகிறேன். 2014ஆம் ஆண்டு ஆடி மாதத்தில் ஒரு நாள், கரும்பலகையின் மேல்வரியில் தேதி எழுதக் கையை உயர்த்தியபோது வலது தோளில் ஒரு கடுப்பு தொடங்கியது. மாலைக்குள் அடங்கிவிடும் என்று நினைத்தேன். சில மாதங்களில் அது மறு தோளுக்கும் முதுகுக்கும் தொடைக்கும் பரவி, காலையில் எழும்போது முந்தின நாள் முழுவதும் நாற்று நட்டவளைப்போல் உடம்பு அடித்துப்போட்ட நிலையில் கிடக்கத் தொடங்கியது. எட்டு மணி நேரம் படுத்திருந்தாலும் தூங்கியதாகத் தோன்றாது. வகுப்பின் நடுவே, இருபது ஆண்டுகளாகச் சொல்லிக்கொடுத்த சூத்திரத்தின் அடுத்த வரி நினைவுக்கு வராமல் நின்றிருக்கிறேன். 2006இல் தமிழகமெங்கும் பரவிய சிக்குன்குனியா எங்கள் வீட்டையும் விடவில்லை. அதன் மிச்சம்தான் இது என்று உறவினர் பலர் உறுதியாகச் சொன்னார்கள். வாயுப் பிடிப்பு என்றார்கள், நரம்புத் தளர்ச்சி என்றார்கள். என் தாயார் மட்டும் ‘கை கால் உளைச்சல்’ என்றார். இப்போது எண்ணிப் பார்க்கும்போது, நோயின் இயல்புக்கு மிக அருகில் வந்த சொல் அதுதான் என்று எனக்குத் தோன்றுகிறது. உளைச்சல் என்ற சொல்லைத் தமிழ் கைகாலுக்கும் மனத்துக்கும் பொதுவாக வைத்திருக்கிறது.

ஃபைப்ரோமயால்ஜியா என்ற பெயர் கிடைத்த பிறகும் அடுத்து என்ன செய்வது என்று தெரியாமல் இருப்பவர்களை மனத்தில் வைத்தே இதை எழுதுகிறேன். மருந்துகளின் பெயர்களையும் அளவுகளையும் குறிப்பிடுவேன். மருத்துவரிடம் தெளிவாகப் பேச அவை உதவ வேண்டும். அவற்றைப் பார்த்து யாரும் தாமாகக் கடையில் வாங்கி உண்ணக் கூடாது என்று வேண்டிக் கேட்டுக்கொள்கிறேன்.

முதலில், நோயைப் பற்றி. என் கோப்பில் அப்போது நாற்பதுக்கும் மேற்பட்ட பரிசோதனை அறிக்கைகள் இருந்தன. உடம்பில் அழற்சி உண்டா என்று காட்டும் ஈ.எஸ்.ஆர்., சி.ஆர்.பி., முடக்குவாதத்துக்கான ரத்தப் பரிசோதனை, தைராய்டு, முதுகுத்தண்டின் எம்.ஆர்.ஐ. என்று எல்லாமே இயல்பாக இருப்பதாகவே வந்திருந்தன. ஒவ்வோர் அறிக்கையும் எனக்கு நோயில்லை என்று சொல்வதாகவே வீட்டில் புரிந்துகொள்ளப்பட்டது. நானும் அப்படியே புரிந்துகொண்டு, வலியைக் கற்பனை செய்கிறேனோ என்று என்னையே சந்தேகித்த இரவுகள் உண்டு. இந்தப் பரிசோதனைகளின் வேலையே வேறு. முடக்குவாதம், தைராய்டு குறைபாடு, வைட்டமின் டி மற்றும் பி12 பற்றாக்குறை, ரத்தசோகை போன்று உடல்வலியையும் சோர்வையும் தரக்கூடிய பிற காரணங்கள் இருக்கின்றனவா என்று பார்க்கவே அவை செய்யப்படுகின்றன. ஃபைப்ரோமயால்ஜியாவை நேரடியாகக் காட்டும் ரத்தப் பரிசோதனையோ ஸ்கேனோ இன்றுவரை வழக்கத்தில் இல்லை. நோயாளியிடம் கேட்டு, தொட்டுப் பார்த்து, எண்ணித்தான் கண்டறிகிறார்கள். 1990இல் அமெரிக்க ருமட்டாலஜிக் கல்லூரி வகுத்த முறையில் உடம்பில் 18 புள்ளிகளை விரலால் அழுத்தி, 11இல் வலித்தால் இந்த நோய் என்றார்கள். 2010இல் வந்து 2016இல் திருத்தப்பட்ட முறையில் அந்தப் புள்ளிகள் தேவையில்லை. வலிக்கும் இடங்களின் எண்ணிக்கையோடு சோர்வு, எழும்போது தெளிவின்மை, நினைவுத் தடுமாற்றம் ஆகியவற்றுக்கும் மதிப்பெண் தருகிறார்கள். மூன்று மாதமாவது இந்நிலை நீடித்திருக்க வேண்டும். வேறொரு நோய் கூடவே இருப்பதாலும் இதை இல்லை என்று தள்ளிவிட முடியாது. சோர்வு முதலியவற்றுக்கான அந்த இரண்டாவது பட்டியலில் நான் 12க்கு 9 வாங்கினேன்.

நோயின் பழைய பெயரிலேயே ஒரு பிழை இருந்தது. 1904இல் வில்லியம் கவர்ஸ் என்ற ஆங்கிலேய நரம்பியல் மருத்துவர், தசையை ஒட்டிய நார்த்திசுவில் அழற்சி இருப்பதாகக் கருதி ஃபைப்ரோசைட்டிஸ் என்று பெயர் வைத்தார். அந்த அழற்சியைத் தேடியவர்களுக்கு அது கிடைக்கவே இல்லை. 1976இல்தான், அழற்சியைக் குறிக்கும் பின்னொட்டு நீங்கி, வலியைக் குறிக்கும் இன்றைய பெயர் வந்தது. 2002இல் அமெரிக்காவில் நடந்த ஓர் ஆய்வு எனக்கு மிகவும் முக்கியமானது. நோயாளிகள், நலமுள்ளவர்கள் ஆகிய இரு தரப்பினரின் கட்டைவிரல் நகத்தின் மேல் அளந்து அழுத்தம் கொடுத்து, அதே நேரத்தில் மூளையைப் படம் பிடித்தார்கள். நலமுள்ளவர்கள் பொருட்படுத்தாத மெல்லிய அழுத்தமே நோயாளிகளின் மூளையில் வலிக்குரிய பகுதிகளை விழிக்கச் செய்தது. நலமுள்ளவர்களிடம் அதே அளவு வலியை உண்டாக்க ஏறத்தாழ இரண்டு மடங்கு அழுத்தம் தேவைப்பட்டது. என் மருத்துவர் இதைத் திருவிழாவில் கட்டும் குழாய் ஒலிபெருக்கியோடு ஒப்பிட்டார். பாடுகிறவர் மெதுவாகத்தான் பாடுகிறார். ஒலியைக் கூட்டும் திருகை யாரோ கடைசிவரை திருகி வைத்துவிட்டார்கள். உங்கள் தோளில் காயம் இல்லை அம்மா, தோளிலிருந்து வரும் செய்தியை நரம்பு மண்டலம் பெரிதாக்கிக் கேட்கிறது, அந்த வலி முழுக்க உண்மையானது என்றார். உண்மையானது என்ற அந்தச் சொல்லைக் கேட்டு நான் அவர் அறையிலேயே அழுதுவிட்டேன்.

இதைப் புரிந்துகொண்டால், அதுவரை நான் எடுத்த மருந்துகள் ஏன் வேலை செய்யவில்லை என்பதும் புரிந்துவிடும். டைக்ளோஃபெனாக் வகை வலி மாத்திரைகள் திசுக்களின் அழற்சியைத் தணிப்பவை. தணிக்க அழற்சியே இல்லாத உடம்பில் அவற்றுக்கு வேலை குறைவு. ஏறத்தாழ இரண்டு ஆண்டுகள் விட்டு விட்டு அவற்றை விழுங்கி வயிற்றைப் புண்ணாக்கிக்கொண்டதுதான் மிச்சம். ஒரு மருத்துவமனையில் தோளில் ஸ்டீராய்டு ஊசியும் போட்டார்கள். ஐரோப்பிய ருமட்டாலஜிக் கூட்டமைப்பு 2016இல் வெளியிட்ட பரிந்துரைகளில், அழற்சி நீக்கும் வலி மாத்திரைகள் இந்த நோய்க்கு உதவுவதில்லை என்றும், ஸ்டீராய்டுகளையும் மார்ஃபின் வகை வலுவான மருந்துகளையும் தரவே கூடாது என்றும் எழுதியிருக்கிறார்கள். எனக்கு நடந்தது 2017இல். பெயரோ சீட்டோ இல்லாத பொட்டலத்தில் ‘வாத சூரணம்’ என்று தரப்படும் பொடிகளைப் பற்றியும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். உண்ட இரண்டாம் நாளே அதிசயம்போல வலி பறந்துவிட்டால் மகிழ வேண்டாம். அத்தகைய பொடிகள் பலவற்றில் ஸ்டீராய்டு கலந்திருப்பது கண்டறியப்பட்டிருக்கிறது. முறையாகப் படித்த சித்த மருத்துவரிடம் பெயரெழுதிய மருந்தை வாங்குவது வேறு, இது வேறு.

எனக்கு முதலில் எழுதித் தரப்பட்ட மாத்திரை அமிட்ரிப்டிலின், 10 மில்லிகிராம். மனச்சோர்வுக்கான பழைய மருந்து அது என்பதை மருந்துக்கடையில் உறையோடு வந்த சீட்டிலிருந்து தெரிந்துகொண்ட என் கணவர், உனக்கு மனநோய் என்கிறார்களா என்று பதறினார். மனச்சோர்வுக்கு அந்த மருந்தை இதைப்போலப் பல மடங்கு அளவில் தருவார்கள். 10 முதல் 25 மில்லிகிராம் என்ற சிறிய அளவில் அது தூக்கத்தை ஆழப்படுத்துவதோடு, முதுகுத்தண்டு வழியாக மேலேறும் வலிச் செய்தியை மூளையே கட்டுப்படுத்தும் இயல்பான ஏற்பாட்டுக்கும் துணை நிற்கிறது. இரவு எட்டு மணிக்கே எடுத்துக்கொள்ளச் சொன்னார்கள். படுக்கும்போது எடுத்தால் மறுநாள் முதல் பாடவேளை வரை மயக்கம் தங்கிவிடுகிறது. வாய் உலர்ந்துபோகும், மலச்சிக்கல் வரும். மூன்றாவது வாரத்தில் ஒரு நாள், கடிகாரத்தின் மணி அடிக்கும் வரை நான் விழிக்கவில்லை. அப்படி நிகழ்ந்து நான்கு ஆண்டுகள் ஆகியிருந்தன.

அடுத்தது பிரிகாபலின். அமெரிக்காவில் இந்த நோய்க்கென்று முதலில் அனுமதி பெற்ற மருந்து அது. 2007 ஜூனில் அனுமதித்தார்கள். 2008இல் டுலோக்செட்டினும், 2009இல் மில்னாசிப்ரானும் தொடர்ந்தன. அதே காலத்தில் ஐரோப்பிய மருந்து முகமை இந்த மூன்றுக்குமே ஃபைப்ரோமயால்ஜியாவுக்கான அனுமதியை மறுத்தது. பயன் சிறிது, நீடிக்கும் என்பதற்குச் சான்று போதாது என்பது அதன் கருத்து. ஒரே ஆய்வுகளை வைத்துக்கொண்டு இரண்டு கண்டங்கள் இரண்டு முடிவுக்கு வந்ததற்குக் காரணம் எண்களிலேயே இருக்கிறது. மருந்தே இல்லாத வெற்று மாத்திரையோடு ஒப்பிட்டால், பிரிகாபலின் உண்ணும் ஏறத்தாழப் பத்துப் பேரில் ஒருவருக்குத்தான் மருந்தின் பயனாக வலி பாதியாகக் குறைகிறது. அந்த ஒருவருக்கு அது பெரிய வரம். மற்ற ஒன்பது பேரும் பக்கவிளைவுகளை மட்டும் சுமக்க நேரலாம். நான் அந்த ஒன்பது பேரில் ஒருத்தி. இரவு 75 மில்லிகிராமில் தொடங்கி 300 வரை ஏற்றினோம். கணுக்கால் வீங்கியது, ஐந்து கிலோ எடை கூடியது, ஒரு நாள் பேருந்துப் படியில் தலைசுற்றித் தடுமாறினேன். வலி அப்படியே இருந்தது. மருத்துவர் மூன்று வாரங்களில் படிப்படியாகக் குறைத்து நிறுத்தினார். இந்த மருந்தையும் டுலோக்செட்டினையும் ஒரே நாளில் நிறுத்தக் கூடாது. தூக்கமின்மை, குமட்டல், படபடப்பு என்று உடம்பு கடுமையாக எதிர்வினை காட்டும்.

டுலோக்செட்டின் எனக்கு ஓரளவு உதவியது. 30 மில்லிகிராமில் தொடங்கி, இரண்டு வாரத்தில் 60க்கு ஏற்றினார்கள். முதல் பத்து நாட்கள் சோற்றின் வாசனையே குமட்டியது, பிறகு சரியாகிவிட்டது. இரண்டு ஆண்டுகள் எடுத்துக்கொண்டேன். பத்துக்கு எட்டு என்றிருந்த வலி ஆறுக்கு வந்தது. ஆறு என்பது சிறிய எண் இல்லைதான், ஆனாலும் எட்டில் செய்ய முடியாத பலவற்றை ஆறில் செய்யலாம்; மாத்திரையின் உண்மையான பயனை நான் அங்கேதான் கண்டேன். டிரமடால் என்ற வலி மருந்தைச் சிலருக்குக் குறுகிய காலத்துக்குத் தருகிறார்கள். அதை டுலோக்செட்டினோடு சேர்த்தால், நரம்புகளுக்கிடையே செய்தி கடத்தும் வேதிப்பொருளான செரோட்டோனின் அளவு மீறி ஆபத்தாக முடியலாம் என்பதால், வேறு மருத்துவரிடம் போகும்போது ஏற்கெனவே எடுக்கும் மாத்திரைகளின் பெயர்களைத் தாளில் எழுதிக் கொண்டுபோவது நல்லது. மருத்துவ வழிகாட்டுதல்களை வகுக்கும் பிரிட்டனின் நைஸ் அமைப்பு 2021 ஏப்ரலில் வெளியிட்ட வழிகாட்டுதல், இத்தகைய நாட்பட்ட வலிக்குப் பாராசிட்டமாலைக்கூடப் புதிதாகத் தொடங்க வேண்டாம் என்கிறது. பிரிகாபலினையும் அது பரிந்துரைக்கவில்லை.

தூக்கத்தைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். 1970களில் கனடாவின் டொரோன்டோ நகரில் ஹ்யூ மொல்டோஃப்ஸ்கி என்ற மருத்துவர் இந்நோயாளிகளின் தூக்கத்தை மூளை அலைகளின் வழியே பதிவு செய்தார். ஆழ்ந்த தூக்கத்துக்குரிய மெதுவான அலைகளுக்கு நடுவே, விழித்திருக்கும்போது வரவேண்டிய அலைகள் புகுந்திருந்தன. பிறகு, நலமாக இருந்த இளைஞர்களை ஆழ்ந்த தூக்கத்துக்குப் போகும்போதெல்லாம் ஓசை எழுப்பிக் கலைத்துப் பார்த்தார். சில நாட்களில் அவர்களுக்கும் உடல்வலியும் சோர்வும் வந்தன. வலி தூக்கத்தைக் கெடுக்கிறது என்று மட்டும் எண்ணியிருந்த எனக்கு, கெட்ட தூக்கமே வலியைச் செய்யும் என்பது புதிய செய்தி. விடைத்தாள்களை இரவு ஒரு மணி வரை திருத்தும் வழக்கத்தை அன்றோடு விட்டேன். பத்து மணிக்குப் படுக்கை, ஐந்தரைக்கு எழுதல், ஞாயிற்றுக்கிழமையும் அதே நேரம். பகல் தூக்கத்தை விடுவது கடினமாக இருந்தது. இரவில் கால்களை அசைக்காமல் இருக்க முடியாத ஒரு துறுதுறுப்பும் எனக்கு இருந்தது. இரும்புச்சத்தின் சேமிப்பைக் காட்டும் ஃபெரிட்டின் மிகக் குறைவாக இருப்பது பரிசோதனையில் தெரிந்து, இரும்பு மாத்திரைக்குப் பிறகு அது அடங்கியது. குறட்டை விடுபவர்கள், தூக்கத்தில் மூச்சுத் தடை இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ள வேண்டும்.

நான் மேலே குறிப்பிட்ட ஐரோப்பியப் பரிந்துரைகளில் ‘உறுதியாக’ என்ற சொல்லோடு பரிந்துரைக்கப்பட்டது ஒன்றே ஒன்றுதான்: உடற்பயிற்சி. மாத்திரைகள் எல்லாமே ‘பரிசீலிக்கலாம்’ என்ற அடுத்த படியில்தான் இருக்கின்றன. இதை முதலில் படித்தபோது எனக்குக் கோபம் வந்தது. புடவைக் கொசுவம் செருகவே கை வலிக்கும் ஒருத்தியிடம் நடக்கச் சொல்வது கொடுமையாகத் தோன்றியது. ஆனால் அந்தக் கோபத்துக்குக் காரணம் பயிற்சி என்ற கருத்து இல்லை என்பதையும், அதன் அளவை யாரும் எனக்குச் சொல்லித் தராததுதான் என்பதையும் பிறகே உணர்ந்தேன். மாத்திரைச் சீட்டில் 10 மில்லிகிராம், இரவு எட்டு மணி, இரண்டு வாரம் என்று எழுதுகிறார்கள். அதே சீட்டின் கீழ்ப்பகுதியில் ‘நடைப்பயிற்சி செய்யவும்’ என்று ஒற்றை வரி எழுதுகிறார்கள். மிக வலுவான மருந்துக்கு அளவே எழுதாமல் அனுப்பிவிடுகிறார்கள்.

அளவு தெரியாமல் நான் செய்தது இதுதான். சீட்டைப் பார்த்த உற்சாகத்தில் மறுநாள் காலை உய்யகொண்டான் வாய்க்கால் கரையில் 40 நிமிடம் நடந்தேன். நடக்கும்போது நன்றாகவே இருந்தது. அன்று மாலையிலிருந்து நான்கு நாட்கள் படுக்கையை விட்டு எழ முடியவில்லை; காய்ச்சல் இல்லாத காய்ச்சல்போல உடம்பு முழுவதும் எரிந்தது. நடை எனக்கு ஒத்துக்கொள்ளாது என்று முடிவு கட்டி ஐந்து மாதங்களை வீணாக்கினேன். இந்தத் தவறைச் செய்யாத ஃபைப்ரோமயால்ஜியா நோயாளியை நான் இதுவரை சந்தித்ததில்லை.

பிறகு ஒரு பிசியோதெரபிஸ்ட் வந்தார், இளம்பெண். அவர் என்னிடம் கேட்ட முதல் கேள்வி: மேடம், உங்களுடைய மிக மோசமான நாளில், மறுநாள் வலி கூடாத அளவுக்கு எவ்வளவு நேரம் நடக்க முடியும்? நன்றாக யோசித்து, ஏழெட்டு நிமிடம் என்றேன். அப்படியானால் ஐந்து நிமிடத்தில் தொடங்குவோம் என்றார். ஐந்து நிமிடத்துக்குச் செருப்பு மாட்டி வெளியே போவானேன் என்று மொட்டை மாடியிலேயே நடந்தேன். நல்ல நாளிலும் ஐந்து, கெட்ட நாளிலும் ஐந்து. இரண்டு வாரம் அப்படியே. வலி கூடவில்லை என்று உறுதியான பிறகு வாரத்துக்கு ஒரு நிமிடம் கூட்டினோம். வலி ஏறிய வாரங்களில் நடையை நிறுத்தாமல் பாதியாக்கினோம். அடங்கியதும் மீண்டும் பழைய அளவு. 25 நிமிடத்தை எட்ட எனக்கு ஏழு மாதங்கள் பிடித்தன. வாரத்தில் மூன்று நாட்களாவது 20 முதல் 30 நிமிடம், மூச்சு சற்று வேகமாகும் ஆனால் பேச முடியும் என்ற அளவில் நடப்பதுதான் இலக்கு. அங்கே போய்ச் சேர எடுக்கும் காலம் ஆளுக்கு ஆள் மாறும். சேர்ந்த பிறகும் பலன் தெரிய மேலும் சில வாரங்கள் ஆகும். முதல் வாரங்களில் வலி சற்றுக் கூடுவது இயல்பு என்பதை அந்தப் பெண் முன்கூட்டியே சொல்லியிருந்ததால்தான் நான் பயந்து நிறுத்தவில்லை.

நல்ல நாளில் கூடுதலாகச் செய்யக் கூடாது என்ற விதியை ஏற்பதுதான் எனக்கு எல்லாவற்றிலும் கடினமாக இருந்தது. வலி குறைந்த நாள் அபூர்வமாக வரும்போது, நிலுவையில் கிடக்கும் வேலைகளை எல்லாம் அன்றே முடித்துவிடத் தோன்றும். அலமாரியை ஒழிப்போம், போர்வைகளைத் துவைப்போம், பரணையைச் சுத்தம் செய்வோம். அடுத்த மூன்று நாட்கள் விழுந்து கிடப்போம். பொங்கலுக்கு முந்தைய வாரம் ஒவ்வோர் ஆண்டும் நான் இப்படித்தான் விழுந்தேன். இப்போது வீட்டைச் சுத்தம் செய்யும் வேலையை மார்கழி முதல் தேதியிலிருந்தே பிரித்து வைத்து, நாளுக்கு ஓர் அலமாரித் தட்டு என்று செய்கிறேன். சின்ன வெங்காயத்தை உட்கார்ந்துதான் உரிப்பேன். கிரைண்டரிலிருந்து மாவை வழித்து எடுப்பது என் தோளுக்கு ஆகாது. அது என் கணவரின் வேலையாகி ஆறு ஆண்டுகள் ஆகின்றன. பள்ளியில் தொடர்ந்து இரண்டு பாடவேளைகள் எழுதும் வேலை வராதபடி கால அட்டவணையை மாற்றித் தருமாறு தலைமையாசிரியரிடம் எழுத்து மூலம் கேட்டேன். கேட்பதற்கு மூன்று ஆண்டுகள் தயங்கியிருந்தேன். மாற்றித் தர அவருக்கு அரை மணி நேரம்தான் ஆனது.

நடை பழகிய பிறகு தசைக்கு வலுவேற்றும் பயிற்சியைச் சேர்த்தோம். ஸ்வீடனில் 130 பெண்களை வைத்து நடத்தி 2015இல் வெளியிட்ட ஆய்வில், வாரம் இருமுறையாக 15 வாரங்கள் எடை தூக்கும் பயிற்சி செய்தவர்களுக்கு வலுவும் கூடியது, வலியும் குறைந்தது. அவர்களும் மிகக் குறைந்த எடையில்தான் தொடங்கினார்கள். என் எடை, தண்ணீர் நிரப்பிய அரை லிட்டர் பாட்டில்கள் இரண்டு. சீனாவின் தாய் ச்சி அசைவுகளுக்கும் நல்ல சான்று இருக்கிறது. பாஸ்டனில் 2010இல் 66 பேரை வைத்தும், 2018இல் 226 பேரை வைத்தும் நடந்த ஆய்வுகளில் அது வலியையும் தூக்கத்தையும் மேம்படுத்தியது. இரண்டாவது ஆய்வில் வழக்கமான ஏரோபிக் பயிற்சிக்கு ஈடாகவோ அதைவிட மேலாகவோ இருந்தது. நம் ஊரில் தாய் ச்சி கற்பிப்பவர் கிடைப்பது அரிது. மெதுவான யோகாசனத்தை நான் செய்கிறேன். ‘இன்னும் கொஞ்சம் வளையுங்கள்’ என்று முதுகை அழுத்தும் ஆசிரியரிடமிருந்து மட்டும் விலகியிருக்க வேண்டும். வெதுவெதுப்பான நீச்சல் குளத்தில் செய்யும் பயிற்சியையும் நூல்கள் பாராட்டுகின்றன. எங்கள் ஊரில் அதற்கு வசதி இல்லாததால், நொச்சி இலை போட்டுக் காய்ச்சிய வெந்நீரில் மாலையில் குளிக்கிறேன். இலையின் குணமோ சூட்டின் குணமோ, அடுத்த இரண்டு மணி நேரம் உடம்பு இளகி இருக்கிறது.

மருத்துவர் என்னை மனநல ஆலோசகரைப் பார்க்கச் சொன்னபோது நான் எவ்வளவு புண்பட்டேன் என்பதை மறைக்க விரும்பவில்லை. நான்கு ஆண்டுகள் ‘எல்லாம் மனசுதான்’ என்று கேட்டுக் கேட்டு நொந்திருந்தேன். கடைசியில் இவரும் அங்கேதான் வந்து நிற்கிறார் என்று தோன்றியது. ஓராண்டு கழித்தே போனேன். அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சை என்ற அந்த முறையில் எட்டு அமர்வுகள். வலி கற்பனை என்று அங்கே ஒருவரும் சொல்லவில்லை. வலி வந்ததும் என் மனம் எங்கே ஓடுகிறது என்று குறித்து வரச் சொன்னார்கள். ‘இன்று வலிக்கிறது’ என்ற செய்தி, அரை நிமிடத்தில் ‘இனி வேலைக்குப் போக முடியாது, எல்லோருக்கும் பாரமாகிவிடுவேன்’ என்று வளர்வதை என் கையெழுத்திலேயே பார்த்தேன். அந்த அச்சம் உடம்பை இறுக்குகிறது, தூக்கத்தைக் கெடுக்கிறது, ஒலிபெருக்கியின் திருகை மேலும் ஒரு சுற்றுச் சுற்றுகிறது. என் தாயாரின் சொல்லில் உடம்பும் மனமும் ஒன்றாக இருந்ததன் பொருள் எனக்கு அந்த அறையில்தான் விளங்கியது. ஓர் அமர்வுக்கு என் கணவரையும் அழைத்தார்கள். ‘பார்த்தால் நல்லாத்தானே இருக்கே’ என்று அவர் சொல்லும்போதெல்லாம் எனக்கு என்ன ஆகிறது என்பதை அங்கேதான் முதன்முதலாகச் சொன்னேன். அவர் தேற்றுவதாக நினைத்தே அதைச் சொல்லி வந்திருக்கிறார்.

புதிய மருந்துகளைப் பற்றிப் பலரும் என்னிடம் கேட்கிறார்கள். மிகக் குறைந்த அளவு நால்ட்ரெக்சோன் பற்றி முதலில் வந்த சிறிய ஆய்வுகள் நம்பிக்கை தந்தன. டென்மார்க்கில் 99 பெண்களிடம் 6 மில்லிகிராம் அளவில் சோதித்து 2024இல் வெளியிட்ட ஆய்வில், வலியைக் குறைப்பதில் வெற்று மாத்திரையைவிட அது தெளிவாக மேம்பட்டதாகத் தெரியவில்லை. 2025 ஆகஸ்டில் அமெரிக்கா, நாக்கின் அடியில் கரையும் சைக்ளோபென்சாப்ரின் மாத்திரைக்கு இந்த நோய்க்காக அனுமதி தந்தது. பதினாறு ஆண்டுகளுக்குப் பிறகு வந்த முதல் அனுமதி. 2021இல் லண்டன் கிங்ஸ் கல்லூரியினர் வெளியிட்ட ஆய்வை நான் இன்னும் ஆவலோடு கவனிக்கிறேன். நோயாளிகளின் ரத்தத்திலிருந்து பிரித்த எதிர்ப்புரதங்களை எலிகளுக்குச் செலுத்தியபோது, அந்த எலிகள் அழுத்தத்துக்கும் குளிருக்கும் மிகையாக வலி உணர்ந்தன. நலமுள்ளவர்களின் எதிர்ப்புரதங்கள் அப்படிச் செய்யவில்லை. நோயெதிர்ப்பு மண்டலத்துக்கும் இதில் பங்கிருக்கலாம் என்ற அந்தக் கதவு திறந்தால், என் மாணவிகளின் காலத்திலாவது சிகிச்சை வேறாக இருக்கும்.

இப்போது அமிட்ரிப்டிலின் 10 மில்லிகிராம் மட்டும் தொடர்கிறது. டுலோக்செட்டினை மருத்துவரின் மேற்பார்வையில் மெல்லக் குறைத்து நிறுத்தி விட்டோம். பெரும்பாலான நாட்களில் வலி நான்கில் நிற்கிறது. ஐப்பசி அடைமழையின்போதும் தேர்வுக் காலத்திலும் ஏழைத் தொடும். தொட்டால் நடையைப் பாதியாக்குகிறேன், வெந்நீர்க் குளியலை இரண்டாக்குகிறேன், அடங்கும் வரை புதிய வேலை எதையும் ஏற்பதில்லை. பள்ளியில் பலகையின் மேல்வரியில் தேதியும் பாடத்தின் தலைப்பும் நான் எழுதுகிறேன். மூன்றாவது பாடவேளைக்கு மேல் தோள் கனத்தால், சுண்ணக்கட்டியை முதல் வரிசை மாணவியிடம் கொடுத்துவிட்டு, நாற்காலியில் உட்கார்ந்து வாயால் சொல்கிறேன்; அவள் எழுதுகிறாள்.